வியாழக்கிழமைக் கட்டங்கள்

பல்செட்டுக்காரர் யாரைச் சந்தித்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். தொழில் அப்படி. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் ஈறு அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் பல்செட்டுகள் வரிசையாக உலரும். புதிதாக வந்தவர்கள், இத்தனை பேர் சேர்ந்து நம்மைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒரு கணம் திகைத்துப்போவார்கள்.

ஊரார் வாயையெல்லாம் கட்டுகிற மனிதருக்குத் தன் வாயைக் கட்டத் தெரியவில்லை என்று அவர் மனைவி சொல்வாள். அது அநியாயம். அவர் வாயால் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவர் மாட்டிக்கொண்டது கையால்.

மனைவியின் தம்பி பார் வைத்திருந்தான். நீளமான அறை, தாழ்ந்த கூரை, கதவோரம் குடை வைக்க ஒரு வாளி, மாடியில் வீடு. வாரக் கடைசியில் கூட்டம் நெரியும். வியாழக்கிழமை மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்காக ஒரு மைக்கை வாங்கி வினாடி வினா நடத்த ஆரம்பித்தான். முதல் கிளாசில் எல்லோரும் பதில் சொன்னார்கள். மூன்றாவது கிளாசில் எல்லோரும் கேள்வியே தப்பு என்றார்கள். ஒரு மலையின் உயரம் சம்பந்தமாக நாற்காலி ஒன்று உடைந்த பிறகு அவன் அக்கா வீட்டுக்காரரைத் தேடி வந்தான்.

"மாமா, நீங்கதான் சும்மா இருக்கும்போதெல்லாம் கட்டம் போட்டுக்கிட்டு இருப்பீங்களே. எனக்கு வாரம் ஒரு குறுக்கெழுத்து போட்டுக் குடுங்க. மேசைக்கு ஒரு தாள். அரை மணி நேரம் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருப்பாங்க, நான் கிளாஸ் கழுவிக்குவேன்."

"வாயை மூடுறதுக்கா என்னைக் கூப்பிடுற?" என்றார் பல்செட்டுக்காரர். அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

முதல் இரண்டு வாரம் அகராதியைப் புரட்டிப் பிரமாதமான சொற்களாகப் பொறுக்கிப் போட்டார். ஒரு மேசையும் பாதிக்கு மேல் தாண்டவில்லை. ஊர் முடிதிருத்துபவர் தாளை மடித்துக் கிளாசுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதுக்கு வீட்டுல படிச்சிட்டு வரணும் போல. நாங்க குடிக்க வந்திருக்கோம்."

அது அவருக்கு உறைத்தது. தமிழில் கட்டம் கட்டுவது பல் கட்டுவதைவிடப் பாடு. புள்ளி வைத்த எழுத்தில் ஒரு சொல்லும் தொடங்கித் தராது. ஒரு சொல்லை நட்டால் பக்கத்துச் சொல் ஆடும். அதை அசைத்தால் கீழே இருப்பது கழன்றுவிடும். அதனால் அவர் எப்போதும் கட்டத்தை முதலில் நிரப்பிவிடுவார். எந்தச் சொல் வருகிறதோ வரட்டும். அதற்கான குறிப்பைப் பிறகு உட்கார்ந்து யோசிப்பார். சொல் கட்டத்தின் இஷ்டம், குறிப்பு நம் இஷ்டம் என்பது அவர் கணக்கு. மூன்றாவது வாரம் அந்தக் குறிப்புகளைப் பாருக்கு வருகிறவர்களிடமிருந்தே எடுத்தார். 'முடிதிருத்துபவர் தலையில் இல்லாதது (2)' என்று ஒன்று போட்டார்.

பார் அதிர்ந்தது. முடிதிருத்துபவர் மட்டும் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, பின்மண்டையைத் திருப்பிக் காட்டி, "நாலு முடி இருக்கு, வந்து எண்ணிப் பாருங்கடா!" என்றார். எண்ணிப் பார்த்தார்கள். இருந்தது. அன்றைக்கே மைத்துனன் மைக்கில் ஒரு சட்டம் போட்டான்: குறிப்பு தப்பு என்று யாராவது சபை நடுவே எழுந்து நிரூபித்தால், குறுக்கெழுத்து போட்டவர் செலவில் அந்த மேசைக்கு ஒரு சுற்று குடி.

அதிலிருந்து வியாழக்கிழமை உட்கார இடமில்லை. தன்னைப் பற்றி ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கவே ஆட்கள் வந்தார்கள், வராவிட்டால் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் பாருக்கு வருகிற ஆட்கள் எத்தனை பேர்? எல்லோரையும் ஒரு சுற்று எழுதி முடித்தாயிற்று. சொற்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பட்டறையில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கட்டத்தோடு உட்காரும்போது அவர் காதில் விழுவது ஒரே ஒரு குரல்தான். மனைவி முன்னறையில் திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிறவள். தைத்துக்கொண்டே பேசுவாள். பேசியதெல்லாம் அவரை அறியாமல் கட்டத்துக்குள் போனது. 'வருகிறவர் யாரும் உட்காரக் கூடாத இருக்கை (2)' என்று ஒரு வாரம் வந்தது. விடை, சோபா. அது அவள் வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக உறை போட்டு வைத்திருந்த மாதிரி சோபா. அதில் அவரே உட்கார்ந்ததில்லை. அவளோ பாருக்குப் போகிறவள் இல்லை. அவருக்கும் இதில் ஒரு தப்பு இருப்பதாகத் தோன்றவே இல்லை.

பிறகு அந்தக் கேக் வந்தது. 'எதிர்வீட்டுக் கேக் கடைசியில் போய்ச் சேர்ந்த வயிறு (2)'.

இதை முதலில் கண்டுபிடித்து "நாய்!" என்று கத்திக் கைதட்டல் வாங்கியவர் பஸ் டிரைவர். வெற்றி பெற்ற மேசையில் வறுத்த கடலையைக் கொறித்துவிட்டு, மழையில் பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். பூட்டில் சாவியைப் போடும்போதுதான் பொறி தட்டியது. பல்செட்டுக்காரருக்கு எதிர்வீடு என்றால் அது நம் வீடு.

மறுநாள் காலை டிரைவரின் மனைவி வாசலில் நின்றாள்.

"எங்க தட்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்கு. எடுத்துக் குடுத்தீங்கன்னா போயிடுவேன்."

"உள்ள வாங்க, டீ போடுறேன்" என்றாள் பல்செட்டுக்காரர் மனைவி. "கேக் அவ்வளவு நல்லா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல காலி பண்ணிட்டோம்."

"ரெண்டு பேரா? நாயைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

பட்டறையில் இருந்தவர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்.

"எந்த நாய்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பார்ல எழுதிப் போட்டவரைக் கேளுங்க. நான் நின்னுக்கிட்டே பேசுறேன், உங்க சோபா கசங்கிடும். அதுவும் பார்ல வந்துச்சாமே."

அவள் தட்டை வாங்கிக்கொண்டு போனதும் எதிர்வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு பட்டறையின் மெயின் சுவிட்சே அணைந்தது. மனைவி கையில் தையல் அளவு டேப் தொங்கியது.

"நம்ம வீட்டைப் பத்தி இன்னும் என்னென்ன எழுதியிருக்கீங்க?"

"வேணும்னு எழுதலம்மா. ரெண்டு எழுத்துல ஒரு இடம் பாக்கி. நாய் வந்து விழுந்துச்சு. நாய்ன்ன உடனே கேக் ஞாபகம் வந்துச்சு."

"ஏன், நாய்ன்னா குரைக்கிறது ஞாபகம் வராதா? வாலாட்டுறது ஞாபகம் வராதா? உலகத்துல எல்லாருக்கும் அதுதானே ஞாபகம் வரும்!"

"அதெல்லாம் முன்னாடியே எழுதிட்டேன்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கொட்டி ஒருத்தி கேக் செஞ்சு, ஆசையாக் கொண்டுவந்து குடுத்தா, அதை அவ முகத்துக்கு நேரா எப்படித் துப்புறது? நல்லா இருக்குன்னு சொன்னேன். நாய்க்குப் போட்டேன். அந்தப் பொய்யை நம்பி அவளும் சந்தோஷமா இருந்தா. வெளியில சொல்ல முடியாததை எல்லாம் சொல்லிக்கத்தானே வீடு? நான் உங்களை நம்பி வாயைத் திறந்தா, நீங்க அதைக் கட்டம் போட்டு நம்பர் குடுத்து ஊருக்கே பரிமாறியிருக்கீங்க."

பல்செட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை வாரமாகக் கேட்ட கைதட்டல் எல்லாம் எதற்குக் கிடைத்தது என்பது அப்போதுதான் புரிந்தது. மன்னிப்புக் கேட்க அவர் வார்த்தை தேடுவதற்குள் அவள் பையில் நாலு துணியை எடுத்து வைத்துக்கொண்டு, குடையும் எடுக்காமல், தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோபம் தணிந்ததும் வந்துவிடுவாள் என்று நினைத்தார். வரவில்லை. மழை விட்டபாடில்லை. அவர் தனியாக முட்டை அவித்துத் தின்றார், ரொட்டியைக் கருக்கித் தின்றார். ஒரு கிழவருக்குச் செய்த பல்செட்டில் மேல்வரிசையைப் பெரிதாக வைத்துவிட, டாக்டர் போன் செய்து, "என்னங்க, அவர் வாயை மூட மாட்டேங்கிறாரே" என்றார். மனைவி இல்லாத வீட்டில் மனுஷன் வேலை பார்க்க முடியாது என்று டாக்டரிடம் சொல்லவா முடியும்?

ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு பார் மாடிக்குப் போனார். படியிலேயே மைத்துனன் மடக்கினான். கண் இரண்டும் சிவந்து உள்ளே போயிருந்தன.

"மாமா, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். எப்படியாவது அக்காவைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அக்கா கண்ணீர் விடுவதைத் தம்பியால் தாங்க முடியவில்லை போலும் என்று பல்செட்டுக்காரர் நெகிழ்ந்துபோனார். மேலே போய்க் கதவைத் தட்டினார். அவள் திறந்தாள். கண்ணீரைக் காணோம்.

"என்ன வேணும்?"

"வீட்டுக்கு வா. தப்புதான். இனிமே அந்தக் கட்டத்தையே தொட மாட்டேன்."

"அதெல்லாம் வேண்டாம். போடுங்க. இந்த வாரமும் போடுங்க." அவள் யோசித்து வைத்திருந்தாள் என்பது தெரிந்தது. "என்னைப் பத்தி எத்தனை பேர் சிரிச்சாங்களோ, அத்தனை பேரும் உங்களைப் பத்திச் சிரிக்கணும். ஒரு சொல் பாக்கியில்லாம எல்லாம் உங்க வண்டவாளம். நான் கீழே வந்து உக்காந்து பார்ப்பேன். மனசு ஆறுச்சுன்னா வர்றேன்."

"ஆறலைன்னா?"

"தம்பி வீட்டுல நல்லாத்தான் தூக்கம் வருது" என்று கதவைச் சாத்தினாள்.

பல்செட்டுக்காரர் உற்சாகமாகவே உட்கார்ந்தார். தன் குறைகளைத் தேட அவர் ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கருமி வந்தான், சோம்பேறி வந்தான், புளுகு வந்தது. மறதி வந்தது: 'மனைவியை மழையில் கடையில் நிறுத்திவிட்டுத் தனியாக வீடு திரும்பியவரின் வியாதி (3)'. அந்தச் சம்பவத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. மடையன் வந்தான். அவனை மேலிருந்து கீழாக, வலது பக்கமாக நட்டார், பாந்தமாக உட்கார்ந்துகொண்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்து, இடமிருந்து வலமாக நாலு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. இரண்டாவது கட்டத்தில் மறதியின் 'ற'. நாலாவது கட்டத்தில் மடையனின் 'டை'. மீதி இரண்டு கட்டத்தில் எதைப் போட்டுப் பார்த்தாலும் ஒரே ஒரு சொல்தான் உட்கார்ந்தது.

குறட்டை.

பல்செட்டுக்காரர் பென்சிலை வைத்துவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பேசக் கூடாத பேச்சு ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவள் குறட்டை விடுவாள். சாதாரணக் குறட்டை இல்லை. ஜன்னலோரப் பல்செட்டுகள் கிடுகிடுக்கும். எப்போதோ ஒரு தடவை அதைச் சொல்லிவிட்டு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. "நானா? நானா குறட்டை விடுறேன்? கனவு கண்டிருப்பீங்க." அதோடு அந்தப் பேச்சை மூட்டை கட்டிவிட்டார். இந்த வாரம் முழுக்க ஏன் தூக்கம் பிடிக்கவில்லை என்பதும் அந்த நாலு கட்டத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கு விளங்கியது. வீடு நிசப்தமாக இருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் அவரால் கண்ணை மூட முடியவில்லை.

மடையனைப் பிடுங்கிப் பார்த்தார், சோம்பேறி சரிந்தான். மறதியை அழித்துப் பார்த்தார். கருமிக்குக் கால் இல்லை. மைத்துனன் ஆள் அனுப்பிவிட்டான், ஜெராக்ஸ் கடை மூடப் போகிறதாம். பல்செட்டுக்காரர் பெருமூச்சு விட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தெரிந்தே பொய்க் குறிப்பு ஒன்றை எழுதினார்: 'இந்த ஆள் படுத்ததும் எழுவது, இத்தனை வருஷமும் ஒரு புண்ணியவதி பொறுத்துக்கொண்டது (4)'.

அன்று பாரில் நிற்க இடமில்லை. விஷயம் அரசல் புரசலாகப் பரவியிருந்தது. மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஓரமாகத் தனி மேசையில், முன்னால் எலுமிச்சை சோடாவோடு நேராக உட்கார்ந்தாள். டிரைவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். எதிர்வீட்டம்மா வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மைத்துனன் மைக்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தான்; சோடா கேட்டவருக்குப் பியரை ஊற்றினான்.

தாள் போன கொஞ்ச நேரத்தில் சிரிப்பு ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில், பிறகு எல்லா மூலையிலும்.

"சார், நிஜமாவே அம்மாவைக் கடையில விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றார் முடிதிருத்துபவர்.

"ஆமாங்க. பாலை மட்டும் மறக்காம வாங்கிட்டு வந்தேன்."

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பல்செட்டுக்காரர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் தோள் குலுங்கியது. ஆறிவிட்டது, வந்துவிடுவாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

அப்போது டிரைவர் எழுந்து, "குறட்டை!" என்று கத்தினார்.

பார் ஹோவென்றது. பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மல்லாந்து படுக்காமல் இருக்க, முதுகுப் பக்கம் சட்டையில் பந்து ஒன்றைத் தைத்துக்கொள்ளச் சொன்னார் ஒருவர். மூக்கில் கிளிப் மாட்டச் சொன்னார் முடிதிருத்துபவர்; இல்லாவிட்டால் பட்டறையில் படுக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவர், "சரிங்க, சரிங்க" என்றார்.

எதிர்வீட்டம்மா மெல்லத் திரும்பினாள். எழுந்து ஓர மேசைக்கு வந்து, பல்செட்டுக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாமப் போச்சே. ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடக்கிறவளுக்கு வாய்க்கு எதுதான் ருசிக்கும்? கேக் எங்கே இறங்கும்? நான் வேற தட்டைக் கேட்டு வந்து சண்டை போட்டேன் பாரு. தெருவுல எல்லாரும் உன்னைக் கோயில் கட்டிக் கும்பிடணும்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க."

"நீ சொல்ல மாட்டே. பொறுமைசாலி. முகத்தைப் பார்த்தாலே தெரியுது, கண்ணைச் சுத்திக் கருவளையம்."

மனைவி சோடாவைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், கடைசியில் புருஷனைப் பார்த்தாள். அவர் மூக்கில் முடிதிருத்துபவர் நிஜமாகவே துணி கிளிப் ஒன்றை மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலி கிரீச்சிட எழுந்து நின்றாள்.

"குறிப்பு தப்பு."

சத்தம் சட்டென்று அடங்கியது. மைத்துனன் திடுக்கிட்டு விழித்தான்.

"எந்தக் குறிப்பு அக்கா?"

"குறட்டை. அது அவர் இல்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "நான்."

பல்செட்டுக்காரர் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "இல்ல இல்ல. குறிப்பு சரிதான். நான்தான் விடுறேன்."

"நீங்க சும்மா இருங்க. நான் விடுறேன்னு நானே சொல்றேன்ல?"

"நீ தூங்கிட்டு இருப்ப, உனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல படுத்திருக்கிற நான் சொல்றேன், நீ மூச்சு விடுறதே கேக்காது."

"பொய்! இந்த வாரம் தம்பி பொண்டாட்டி எங்கிட்ட நேராவே சொல்லிட்டா. இத்தனை வருஷமா நீங்க சொன்னப்ப நம்பல."

"எவ அவ சொல்றதுக்கு?" என்று சீறினார் பல்செட்டுக்காரர். தன் வீட்டுக் குறட்டையை வெளியாள் குறை சொன்னதில் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"இப்படி ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டையை நான் பார்த்ததில்லப்பா" என்றார் டிரைவர். "ரெண்டு பேரும் எனக்கு வேணும், எனக்கு வேணும்ங்கிறாங்க."

"சட்டம்னா சட்டம்" என்று முடிதிருத்துபவர் குறுக்கிட்டார். "நான் தொப்பியைக் கழட்டிக் காட்டினேன். அம்மாவும் நிரூபிக்கணும். சாட்சி யாரு?"

எல்லோரும் யோசித்தார்கள். மைத்துனன் மைக்கை வாயருகே கொண்டுபோனான், இறக்கினான், மறுபடி கொண்டுபோனான்.

"நான்தான் சாட்சி" என்றான். "வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த பெஞ்சுலதான் படுக்கிறேன். அக்கா மாடியில படுத்திருக்கு. இங்க கிளாஸ் ஆடுது."

பார் வெடித்தது. எதிர்வீட்டம்மா பிடித்திருந்த கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் அடங்கவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். "அப்போ அந்தக் கேக்?" என்று இடையில் கேட்டாள். "உப்பு" என்றாள் பல்செட்டுக்காரர் மனைவி. "எத்தனை கரண்டி போட்டீங்க?" அதற்கும் சேர்த்து இருவரும் சிரித்தார்கள். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, ஊரே தன்னைப் பார்த்துச் சிரிப்பதை மனைவி நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவளே வாயைத் திறந்து சொன்னது. அதில் இருந்த வித்தியாசம் பல்செட்டுக்காரருக்கு நன்றாகவே புரிந்தது.

தீர்ப்புப்படி ஓர மேசைக்கு அவர் செலவில் ஒரு சுற்று சோடா வந்தது. மைத்துனன் யாரும் கேட்காமலே மாடிக்கு ஓடி, அக்காவின் பையைக் கட்டி எடுத்துவந்து, வாளியிலிருந்து குடையையும் எடுத்துக் கையில் கொடுத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

தெருவில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. பல்செட்டுக்காரர் பையைச் சுமந்துகொண்டார். குடையை அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்ததில் அவர் தோள் ஒன்று முழுக்க நனைந்தது. வீட்டு வாசல் வந்ததும் அவள் நின்றாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். பார்ல ஒத்துக்கிட்டேங்கிறதுக்காக வீட்டுலயும் ஒத்துக்குவேன்னு நினைக்காதீங்க. இந்த வீட்டுல நான் குறட்டை விடுறதே இல்ல."

"விடுறதே இல்ல" என்று ஒப்புக்கொண்டு, பல்செட்டுக்காரர் அவசர அவசரமாகக் கதவைத் திறந்தார். அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.